பேய் வீடு என்கிற இடத்தை முறையாக ஆராய்வது எப்படி? வடசென்னைப் புதியவர்களுக்கு

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் மெஷின் வாங்குவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். பச்சை, சிவப்பு விளக்கு எரிகிற மீட்டர், நைட் விஷன் கேமரா, அப்புறம் நேராக ராத்திரி 12 மணிக்கு ஏதாவது ஒரு பூட்டிய கட்டடம். இதில் கிடைப்பது இரண்டுதான்: யாருக்கும் எதையும் நிரூபிக்காத ஒரு வீடியோ, இல்லையென்றால் போலீஸ் ஸ்டேஷனில் ஒரு ராத்திரி. வேலையின் பெரும்பகுதி காகிதத்திலும் பகல் வெளிச்சத்திலும்தான் நடக்கிறது. ராத்திரி உட்காருவது கடைசிக் கட்டம், சில இடங்களில் அதற்குத் தேவையே வராது.

பேயை நம்புகிறவரும் நம்பாதவரும் இதே வரிசையில் போகலாம். இங்கே கேள்வி "பேய் உண்டா" என்பது அல்ல. இந்த வீட்டில், இந்த அறையில், இந்த நேரத்தில் இவர்கள் சொல்வது எதனால் நடக்கிறது என்பதுதான்.

1. அனுமதி: எழுத்தில், ஓனரிடமிருந்து

குடியிருப்பவர் கூப்பிட்டார் என்பது போதாது. வாடகை வீடு என்றால் குடியிருப்பவர், வீட்டு ஓனர் இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும். ஓனர் யார் என்பதைச் சொத்து வரி ரசீதையும் வில்லங்கச் சான்றையும் வைத்துப் பாருங்கள். கரண்ட் பில்லை நம்பாதீர்கள். பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் காலமாகிவிட்ட தாத்தா பெயரிலேயே பில் வந்துகொண்டிருக்கும் வீடுகள் உண்டு. பாகப்பிரிவினை முடியாத சொத்து என்றால் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் விட்டுவிடுங்கள். இரண்டு பங்காளிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பதற்கு எந்த மீட்டரும் உதவாது.

அனுமதிக் கடிதத்தில் இருக்க வேண்டியவை: கதவு எண்ணோடு முழு முகவரி, தேதி, உள்ளே வரும் நேரமும் வெளியேறும் நேரமும், வருகிறவர்களின் பெயர்கள், எந்தெந்த அறைகள், ஒலியும் வீடியோவும் பதிவு செய்யச் சம்மதம், பதிவை யார் வைத்திருப்பது, வெளியிடலாமா கூடாதா. கடைசி விஷயத்தை வாய்ப்பேச்சோடு விடுவதால்தான் பிற்பாடு சண்டை வருகிறது. வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ நினைக்கிற ஓனருக்கு, தன் வாசற்கதவு யூடியூபில் வந்தால் நஷ்டம்.

அனுமதி இல்லாமல் நுழைந்தால் என்ன ஆகும்? பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 329-ஆம் பிரிவின்படி, பிறர் வீட்டுக்குள் அத்துமீறி நுழைவதற்கு ஓராண்டு வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கல்லறைகளிலும் சுடுகாட்டிலும் மற்றவர் மனம் புண்படும்படி அத்துமீறினால் அதற்கு 301-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. ரயில்வே நிலத்தில் அனுமதியில்லாமல் கால் வைத்தால் ரயில்வே சட்டம் 147: ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாழடைந்த ரயில்வே குவார்ட்டர்ஸ் எல்லாம் யாருமில்லாத இடம் போலத்தான் தெரியும், ஆனால் ரயில்வே நிலம்தான். துறைமுகப் பகுதியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

2. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம்

அனுமதி கேட்டு அல்ல, தகவலாகக் கொடுங்கள். ராத்திரி நேரத்தில் டார்ச், ட்ரைபாட், பெட்டிகளோடு நான்கைந்து பேர் ஒரு பழைய வீட்டுக்குள் போனால், தெருவில் இருப்பவர்கள் முதலில் சந்தேகப்படுவது புதையல் தோண்டுவதையும் பூஜையையும்தான். அதனால் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்: தோண்டுதல் கிடையாது, பூஜை கிடையாது, பலி கிடையாது, பணம் வாங்குவதில்லை. ஓனரின் அனுமதிக் கடித நகல், வருகிறவர்களின் ஆதார் நகல், வண்டி எண்கள், கருவிகளின் பட்டியல் ஆகியவற்றை இணைத்து, மூன்று நாள் முன்னதாக இரண்டு பிரதியோடு போங்கள். ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். சீல் போட மறுத்தால் அதே கடிதத்தை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைக் கையில் வைத்திருங்கள். இடது பக்கத்து வீடு, வலது பக்கத்து வீடு, எதிர் வீடு மூன்றுக்கும் வாயால் சொல்லிவிடுவதும் நல்லது.

3. வீட்டின் கதையைக் காகிதத்தோடு ஒப்பிடுங்கள்

"அங்க ஒரு பொண்ணு தூக்கு மாட்டிக்கிச்சு" என்ற கதை தெருவுக்கு ஒன்று இருக்கும், புடவை நிறம் மட்டும்தான் மாறும். நிஜமாக அப்படி ஒரு மரணம் நடந்திருந்தால், அது ஒரு குடும்பத்தின் துக்கம். தெருவில் நின்று விசாரிக்காதீர்கள். வீட்டுக்காரர் மூலமாகத் தெரிந்துகொள்ளுங்கள், அறிக்கையில் பெயர் போடாதீர்கள்.

பதிவுத்துறையின் இணையதளத்தில் 1975-லிருந்து பெரும்பாலான சொத்துகளுக்கு வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம். சர்வே எண் வேண்டும், அது பத்திரத்தில் இருக்கும். அதில் இரண்டு விஷயத்தைத் தேடுங்கள். ஒன்று, குறுகிய காலத்தில் கை மாறிக்கொண்டே இருந்திருக்கிறதா. இரண்டு, அடமானம், கோர்ட் ஜப்தி மாதிரி வில்லங்கம் ஏதும் இருக்கிறதா. சொத்துத் தகராறு இருக்கிற வீட்டில் பேய்ப் பேச்சு கிளம்பினால், யாருக்கு லாபம் என்று கேட்டுவிடுங்கள். குடித்தனக்காரரைக் கிளப்பவும் விலையைக் குறைக்கவும் பேயைவிடச் செலவில்லாத ஆள் கிடையாது.

அரசுக் கட்டடம் என்றால் எப்போது மூடினார்கள், ஏன் மூடினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். மனுவை முதல் வாரத்திலேயே போட்டுவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

4. சாட்சிகள்: தனித்தனியாக, எழுத்தில்

எல்லோரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்துக் கேட்டால் உங்களுக்குக் கிடைப்பது ஒரே கதை. முதலில் பேசியவர் சொன்னதை மற்றவர்கள் நிரப்பிக்கொண்டே போவார்கள். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து, வீட்டின் வரைபடத்தைக் கொடுத்து, எங்கே, எத்தனை மணிக்கு, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், ஃபேன் ஓடியதா, லைட் எரிந்ததா என்று கேளுங்கள். "அது பொம்பளை மாதிரி இருந்துச்சா?" என்று நீங்களே எடுத்துக் கொடுக்காதீர்கள். "என்ன பார்த்தீங்க?" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தூங்கப் போகும்போதோ விழிக்கும்போதோ நடந்தது என்றால் தனியாகக் குறியுங்கள். நெஞ்சில் யாரோ உட்கார்ந்தார்கள், கை காலை அசைக்க முடியவில்லை, மூலையில் ஆள் நின்றது என்று சொன்னால் அது நம்மூரில் அமுக்குவான் பேய் என்கிற தூக்க முடக்கமாக இருக்க நிறைய வாய்ப்பு. கனவு காணும் உறக்கத்தில் உடல் தசைகள் செயலற்று இருக்கும். மூளை மட்டும் முன்னால் விழித்துக்கொண்டால் இப்படி ஆகும். தூக்கம் கெடுகிறவர்களுக்கும், ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கும், மல்லாந்து படுப்பவர்களுக்கும் அதிகம் வரும். இதைச் சொல்லும்போது "உனக்கு மெண்டல் பிரச்சினை" என்கிற தொனி வந்துவிடக் கூடாது. அடிக்கடி வந்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்லுங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கொடுங்கள்.

5. கருவிகள்: எது தேவை, எது வீண்

ரிச்சி தெருவில் ஒரு சுற்று சுற்றினால் முக்கால்வாசி கிடைக்கும். பர்மா பஜாரில் விலை குறையலாம், ஆனால் பில் இருக்காது, மாற்றித் தரமாட்டார்கள். விலைகளைத் தோராயமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கார்பன் மோனாக்சைடு மீட்டர், 2,000 முதல் 4,000 ரூபாய் வரை. முதலில் வாங்க வேண்டியது இதுதான். இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, நெஞ்சு அழுத்தம், குழப்பம், யாரோ இருக்கிற உணர்வு எல்லாம் தரும், கடைசியில் ஆளையே கொல்லும். 1921-இல் வில்லியம் வில்மர் என்ற கண் மருத்துவர் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் எழுதிய குடும்பம், காலடி ஓசையும் உருவங்களும் கண்டு அரண்டு போயிருந்தது. காரணம், பழுதான உலை வீட்டுக்குள் விட்ட புகை. நம் வீடுகளில் ஜன்னல் இல்லாத பாத்ரூமில் மாட்டிய கேஸ் கீசர், வராண்டாவில் ஓடுகிற ஜெனரேட்டர், மூடிய அறையில் வைத்த கரி அடுப்பு. மீட்டர் 35 பிபிஎம் தாண்டினால் ஆய்வை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, எல்லோரையும் வெளியே கூட்டி வாருங்கள்.

ஒலிப்பதிவுக் கருவிகள் இரண்டு, ஒவ்வொன்றும் 3,000 முதல் 6,000. எம்பி3-இல் பதியாதீர்கள், அதன் சுருக்கமே மெல்லிய சத்தங்களைச் சிதைத்து விநோத ஓசையாக்கும். வேவ் வடிவில், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்பி ஆகும். 32 ஜிபி கார்டு ஒன்று ஓர் இரவுக்குத் தாராளம்.

காந்தப்புல மீட்டர், 1,500 முதல் 3,000. இதில் விளக்கு எரிந்தால் பேய் என்பது டிவி கற்றுக்கொடுத்தது. அது காட்டுவது கரண்ட் ஓடுகிற வயரை. பக்கத்தில் இருக்கிற செல்போனுக்கும் எகிறும். வாங்கினால் மூன்று அச்சிலும் அளப்பதாகப் பாருங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு இடத்திலும் மூன்று திசைக்கும் திருப்பி அளக்க வேண்டும்.

வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் சின்ன மீட்டர் நான்கு, ஒவ்வொன்றும் 300 முதல் 500. துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் காற்றின் வெப்பத்தை அளக்காது, எதிரே இருக்கிற சுவரை அளக்கும். எவர்சில்வர், கண்ணாடியில் தப்பாகக் காட்டும். "கோல்ட் ஸ்பாட்", அதாவது அறையில் ஓரிடம் மட்டும் காரணமில்லாமல் குளிர்கிறது என்கிற கதைகளில் நிறைய இந்தக் கருவியால் வந்தவை.

மீதி எல்லாம் மளிகைக் கடைச் சாமான்: ஊதுபத்தி ஒரு கட்டு, சாக்பீஸ், தையல் நூல், முகப் பவுடர், அளவு டேப், டெஸ்டர், காகித டேப். வானொலி அலைவரிசைகளைத் தாவித் தாவிப் பிடிக்கும் "ஸ்பிரிட் பாக்ஸ்" வேண்டவே வேண்டாம். எஃப்எம் விளம்பரத்தின் துண்டு வந்து "வா" என்று கேட்கும், அவ்வளவுதான்.

6. பகல் சோதனை

இதற்கு முழுதாக ஒரு பகல் ஒதுக்குங்கள். வீட்டை ஒரு மீட்டர் கட்டங்களாக வரைபடத்தில் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம், ஈரப்பதம், காந்தப்புலம் மூன்றையும் குறியுங்கள். முதலில் மெயின் ஸ்விட்ச் ஆனில், பிறகு ஆஃபில். ஆனில் மட்டும் எகிறுகிற இடத்தில் சுவருக்குள் வயர் ஓடுகிறது, அல்லது அந்தப் பக்கம் மீட்டர் போர்டோ இன்வெர்ட்டரோ இருக்கிறது. ஆஃப் செய்தும் குறையவில்லை என்றால் பக்கத்து வீட்டு லைனைப் பாருங்கள்.

ஆஃப் செய்த பிறகும் மினுக்கும் எல்.இ.டி. பல்பு அடிக்கடி வரும் புகார். ஸ்விட்ச் ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் மாட்டியிருப்பார்கள், அல்லது பக்கத்து வயரிலிருந்து கசியும் சிறு மின்சாரம் பல்புக்குள் சேர்ந்து சேர்ந்து வெளியேறும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு டெஸ்டரால் பார்க்கச் சொல்லுங்கள். இது பேயைவிட ஆபத்தானது, ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும்போதும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும்.

தானாகச் சாத்திக்கொள்ளும் கதவுக்கு ஊதுபத்தி. ஜன்னல், கதவு எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஃபேனை நிறுத்தி, ஊதுபத்தியை வாசற்படியின் உயரத்தில் பிடியுங்கள். புகை நேராக மேலே போகிறதா, சாய்கிறதா என்று பாருங்கள். பிறகு அதே இடத்தில் இடுப்பு உயரம், தலை உயரம். பழைய வீடுகளில் கீழே ஒரு திசையிலும் மேலே எதிர்த் திசையிலும் புகை ஓடும். முற்றத்துச் சூடான காற்று மேலே போக, கிணற்றடியின் குளிர்ந்த காற்று தரையோடு உள்ளே வரும். அந்தக் குளிர்தான் கணுக்காலைத் தொட்ட "கை". கடலோரத்தில் இன்னொன்று: பகலில் கடற்காற்று, ராத்திரியில் நிலக்காற்று. காசிமேடு, திருவொற்றியூர் வீடுகளில் காற்று திசை திரும்பும் நேரத்தில் ஒரு கதவு தினமும் ஏறத்தாழ ஒரே மணிக்கு அடித்துக்கொண்டால் ஆச்சரியப்படாதீர்கள். கீலில் எண்ணெய் விட்டு, கதவின் செங்குத்தைத் தூக்குக் குண்டால் பாருங்கள்.

சத்தங்களுக்கு வடசென்னைப் பட்டியல் தனி. துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டி, கொருக்குப்பேட்டை யார்டில் பெட்டி கோர்க்கும் இடி, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி, மண்ணடி - வண்ணாரப்பேட்டை வரிசையில் தரைக்குக் கீழே ஓடும் மெட்ரோ. பாத்திரம் அதிர்கிறது என்று சொன்னால், போனில் ஃபைஃபாக்ஸ் (phyphox) என்ற இலவசச் செயலியைப் போட்டு, தரையில் வைத்து அதிர்வைப் பதிவு செய்து, வண்டி போகும் நேரத்தோடு ஒப்பிடுங்கள். மெட்ரோ ராத்திரி 11 மணியைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். அதற்கு மேலும் அதிர்ந்தால் லாரியைப் பாருங்கள், கூட்ஸைப் பாருங்கள். பொதுச்சுவர் வீடுகளில் பக்கத்து வீட்டுக் கொலுசு உங்கள் கூடத்தில் கேட்கும். இதைச் சோதிக்க அவர்களையே கூப்பிட்டு நடக்கச் சொல்லி இங்கே ரெக்கார்டரை ஓடவிடுங்கள். மெட்ராஸ் டெரஸ் கூரையின் மர உத்திரங்கள் ராத்திரி குளிர்ந்து சுருங்கும்போது விரல் சொடுக்குவது போல டக் டக்கென்று கேட்கும். அதே கூரையில் மரநாய் ஓடினால் மனுஷக் காலடியேதான். வெள்ளை முகத்தோடு வாய் பிளந்து அலறுவது கூகை. எச்சமும் எலும்பு உருண்டையும் கீழே கிடக்கும், தேடினால் கிடைக்கும்.

மணலி, எண்ணூர் பக்கம் சுவரில் சிவப்பு வெளிச்சம் ஆடினால், ஆலையின் புகைபோக்கி நெருப்பு எந்த ஜன்னல் வழியாக விழுகிறது என்று பாருங்கள். வாடை வந்தால் காற்றின் திசையைக் குறியுங்கள். அழுகிய முட்டை வாடை வீட்டுக்குள்ளேயே என்றால் அதிகம் சார்ஜ் ஆகும் இன்வெர்ட்டர் பேட்டரி, அல்லது தண்ணீர் வற்றிப்போன சாக்கடை டிராப் (வாடை வராமல் தடுக்கும் வளைகுழாய்). பாழுங்கிணற்றுக்குள்ளும் மூடிய சம்ப்புக்குள்ளும் தலையை விடாதீர்கள், விஷவாயு ஒரு மூச்சில் விழ வைத்துவிடும்.

இன்னொரு சாத்தியம், காதுக்குக் கேட்காத தாழ்ந்த ஒலி. 1998-இல் விக் டாண்டி என்ற இங்கிலாந்துப் பொறியாளர், பேய் நடமாடுவதாகச் சொன்ன ஓர் ஆய்வகத்தில், உள்காற்றை வெளியே தள்ளும் ஃபேன் ஒன்று சுமார் 19 ஹெர்ட்ஸ் நிலை அலையை உண்டாக்குவதைக் கண்டு எழுதினார். எல்லா வீட்டுக்கும் இதையே காரணம் காட்டாதீர்கள். பெரிய எக்ஸாஸ்ட் ஃபேனோ கம்ப்ரஸரோ பக்கத்தில் இருந்தால், அதை நிறுத்தினால் உணர்வும் நிற்கிறதா என்று பாருங்கள், போதும்.

பகல் முடிவதற்குள், கதை எதுவுமே தெரியாத இரண்டு பேரை ஒருவர் பின் ஒருவராக உள்ளே அனுப்பி, எந்தக் கட்டத்தில் ஏதாவது தோன்றியது என்று வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். உளவியலாளர் ரிச்சர்ட் வைஸ்மன் குழு பிரிட்டனின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையிலும் எடின்பரோ நிலவறைகளிலும் பார்வையாளர்களை வைத்துச் செய்தது ஏறக்குறைய இதுதான். 2003-இல் வந்த அவர்கள் முடிவில், உணர்வுகள் ஒரே இடங்களில் குவிந்தன, வெளிச்சம், அறையின் அளவு போன்றவற்றோடு அவை சேர்ந்து வந்தன.

7. ராத்திரி உட்காருவது

இன்னும் விளக்கம் கிடைக்காத விஷயத்துக்கு மட்டும். நான்கு முதல் ஆறு பேர், எப்போதும் இரண்டிரண்டாக. குடித்தவர் வேண்டாம், காய்ச்சல்காரர் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பழைய வீட்டுச் சுவரில் ஷாக் அடிக்கும், தள்ளிப்போடுங்கள். ஆடி மாதத்தில் தெருமுனை அம்மன் கோயில் ஸ்பீக்கர், மார்கழியில் விடியற்காலைப் பாட்டு. ஒலிப்பதிவு குப்பையாகிவிடும்.

எல்லோருடைய கடிகாரத்தையும் நொடி வரை ஒன்றாக்குங்கள். போன்களை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், ஒன்றைத் தவிர. அது அவசரத்துக்கு, வாசலில் இருக்கட்டும். யாரும் உட்காராத அறையில் கதவுக்குக் குறுக்கே நூல், தரையில் பவுடர், மேசையில் ஒரு நாணயம், அதைச் சுற்றி சாக்பீஸ் கோடு, எல்லாவற்றையும் படமெடுத்துவிட்டுப் பூட்டுங்கள். லண்டனைச் சேர்ந்த பழைய பேய் ஆய்வாளர் ஹாரி பிரைஸ் சீல் வைக்கும் ஈயம் வரை பெட்டியில் எடுத்துப் போனது இதற்காகத்தான்: பேய்க்காக அல்ல, மனிதர்களுக்காக.

40 நிமிடம் அமைதி, 20 நிமிடம் இடைவெளி என்று போங்கள். யார் இருமினாலும், வயிறு கடமுட என்றாலும் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "இருமல், நான்தான்." கிசுகிசுக்கக் கூடாது, கிசுகிசுப்புதான் மறுநாள் ஆவியின் குரலாகும். குறிப்பு இப்படி இருக்கட்டும்: "1.47.20, கூடம், மேற்குச் சுவர்ப் பக்கம் இரண்டு தட்டல், இரண்டு பேருக்கும் கேட்டது, தெருவில் நாய் குரைப்பு, வெப்பம் 29.1." "யாரோ வந்தாங்க" என்று எழுதினால் கிழித்துப் போடுங்கள்.

ஃபிளாஷிலும் இன்ஃப்ராரெட்டிலும் தெரிகிற வட்ட உருண்டைகள் லென்ஸுக்குப் பக்கத்தில் பறக்கும் தூசியும் ஈரத்துளியும் பூச்சியும். நம் கடலோரக் காற்றில் ஒரு ராத்திரிக்கு நூறு எடுக்கலாம்.

8. பதிவைக் கேட்பதும் அறிக்கையும்

ஒரு மணி நேரப் பதிவைக் கேட்க இரண்டு மணி நேரம் ஆகும். நல்ல ஹெட்ஃபோன், குறைந்த ஒலி. சந்தேகமான துண்டை வெட்டி, அங்கே வராத மூன்று பேருக்கு, எங்கே எடுத்தது, என்ன சந்தேகம் என்று எதுவும் சொல்லாமல் அனுப்பி, கேட்டதை எழுதித் தரச் சொல்லுங்கள். கான்ஸ்டான்டின் ரௌடிவ் என்பவர் இறந்தவர்களுடையவை என்று 1960-களில் ஒலிநாடாவில் ஆயிரக்கணக்கில் சேர்த்த "குரல்கள்" மீது எழுந்த கேள்வியும் இதுவே: என்ன கேட்க வேண்டும் என்று முன்பே சொல்லிவிட்டால், இரைச்சலிலும் அதுவேதான் கேட்கும். மூன்று பேரும் மூன்று விதமாக எழுதினால் அந்தத் துண்டுக்கு மதிப்பு கிடையாது. வேண்டாத சத்தத்தை நீக்கும் ஃபில்டரைப் போட்டுப் போட்டுப் பேச்சாக்காதீர்கள். மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள்.

கடிதம், வில்லங்கம், சாட்சி எல்லாம் சேர்த்து இரண்டு முதல் மூன்று வாரம், பகல் சோதனை ஒரு நாள், ராத்திரி ஒன்று அல்லது இரண்டு, கேட்பதற்கும் எழுதுவதற்கும் இரண்டு வாரம். கருவிகளை முழுதாக வாங்கினால் 15,000-க்குப் பக்கத்தில் வரும். நான்கு பேர் சேர்ந்து வாங்குங்கள். வீட்டுக்காரரிடம் ஆட்டோ செலவு கூட வாங்காதீர்கள். காசு கைமாறிய கணமே, நீங்களும் கழிப்பு கழிக்க வந்தவர்களும் அவர்கள் கண்ணில் ஒன்றுதான்.

அறிக்கையை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: காரணம் கிடைத்தவை, காரணம் இருக்கலாம் என்பவை, காரணம் தெரியாதவை. மூன்றாவது பத்திக்கு "பேய்" என்று தலைப்பு வைக்காதீர்கள், தெரியவில்லை என்றே எழுதுங்கள். முதல் பத்தியில் செய்ய வேண்டிய வேலையை ஆளோடு சேர்த்துச் சொல்லுங்கள்: கீசருக்குப் புகைக் குழாய், ஸ்விட்ச் மாற்ற எலெக்ட்ரீஷியன், கூரை ஓட்டைக்குக் கம்பி வலை. வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து போன் பண்ணி, சத்தம் நின்றதா என்று கேட்டு, தேதியோடு அறிக்கையின் கடைசியில் எழுதிவிடுங்கள்.